பதினேழாம் பட்டை

கறுப்பை எறிய எந்தக் கருவிக்கும் தெரியாது.
வெளிச்சத்தை எறியும், அல்லது எறியாமல் விடும்.
விட்ட இடத்தில் சுவர் எப்படி இருக்கிறதோ
அதுதான் நமக்கு வாய்த்த இரவு.

இது விளங்க எனக்கு
நோர்வூட் கடைவீதியில் முப்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கிய
பழைய புரொஜெக்டரும்
நாலைந்து சனிக்கிழமைகளும் தேவைப்பட்டன.

படத்தில் நடுச்சாமம். கத்தியோடு ஒருவன் வருகிறான்.
எங்கள் காம்பராச் சுவரிலோ
விடியற்காலைச் சாம்பல்.
"என்ன சவரிண்ணே, கொலகாரன்
பல்லு வெளக்கவா போறான்?"
மிக்சரை மென்றபடி அடுத்த வீட்டுக் கிருஷாந்தி.

சுண்ணாம்புக்கு மேல் சாம்பல் பெயின்ட் பூசினேன்.
மினுக்கம் இல்லாததாய்க் கேட்டபோது
கடைக்காரர் குரலைத் தாழ்த்தி
துக்க வீடா என்றார்.
ஸ்டோர் வாசலின் மஞ்சள் விளக்கு
ஜன்னல் வெடிப்பால் நீட்டிய விரலை
மழைக் கம்பளியை ஆணியடித்து மடக்கினேன்.
புரொஜெக்டரின் சொந்தப் பச்சைப் பொட்டுக்கும்
ஒரு துண்டு பிளாஸ்டர்.

அப்புறம் மெனு.
டைனமிக்கை அணைத்து சினிமாவுக்கு மாறி
விளக்கைச் சிக்கனத்தில் வைத்தேன்.
பிரைட்னஸ் என்று பேர், திருகினால் அசைவது கறுப்பு.
கொன்ட்ராஸ்ட் என்று பேர், அசைவது வெள்ளை.
கொழுந்து மலைகளுக்கெல்லாம்
தன் ஊர்ப் பேரை வைத்துவிட்டுப் போன
அதே தொரைதான் இதற்கும் வைத்திருப்பான்.

சோதனைப் படத்தில் கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு,
ஒவ்வொரு பட்டையும் ஒரு நூல் வெளுத்து.
பதினாறாவது பின்புலத்தில் கரைந்துவிட வேண்டும்.
பதினேழாவது
இருக்கிறதா இல்லையா என்று
கண்ணோடு சண்டை பிடிக்க வேண்டும்.
நான் சண்டைக்கு நிற்கவில்லை.
ஐம்பதிலிருந்து நாற்பத்து நாலு, நாற்பத்தொன்று,
முப்பத்தெட்டு.
பதினேழு போயிற்று, பத்தொன்பதும் போயிற்று.
சுவர் தார் குடித்து நின்றது.
ஆகா என்றேன், தனியாக.

கிருஷாந்தி தன் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்தாள்,
சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவில்.
கோயில் மண்டபம், இரவு.
கறுத்த பின்னணியில் நகைகள் எரிந்தன,
கவரிங் கூட.
மாப்பிள்ளை கோட்டு, உறையிலிருந்து எடுத்தது போல.
"நிப்பாட்டுங்க" என்றாள்.
"தவசீலன் எங்க?"
"யாரு?"
"தம்பிண்ணே. வீடியோக்காரனுக்கு லைட்டு புடிச்சவன்.
இந்தத் தூணுக்கிட்டதான் நிப்பான்.
டீவில தெரிவானே."

விளக்கைப் பிடித்தவன் மேல்
விளக்கு விழுவதில்லை.
இப்போது தோஹாவில் ஏதோ கட்டடத்துக்கு இரவுக் காவல்.
போனில் வந்தாலும் நெற்றி மட்டும் வரும்.

நாற்பதில் தூணின் விளிம்பு.
நாற்பத்திரண்டில் ஒரு கொலர்.
"அவன்தான், அவன்தான்."
நாற்பத்து மூன்றில்
முழங்கையில் சுற்றிய வயர்.
நாற்பத்தைந்தில் முகம்,
அதில் பெரிய ஓட்டை.
"பாருங்களேன், எந்தலையில தாலி ஏறுற நேரத்துல
கொட்டாவி விடுறான் மூதேவி!"
சிரித்தாள். பின்னுக்குக் கொண்டுபோய்
இன்னொரு முறை விடச் சொன்னாள்.
ஆறு தடவை விட்டான்.

என் தார்ச் சுவர் திரும்பவும் சாம்பல்.
அந்நேரம் கூரைத் தகரத்தின் இடுக்கால்
பனி உள்ளே இறங்க,
புரொஜெக்டரிலிருந்து சுவர் வரைக்கும்
வெளிச்சத்துக்கு ஒரு ரோடு போட்டது.
அவள் குறுக்கே கையை விட்டுப் பார்த்தாள்.
மெனு முழுக்கத் தேடினேன்,
பனிக்கு ஒரு திருகு இல்லை.

நாற்பத்தைந்திலேயே விட்டிருக்கிறேன்.
சனிக்கிழமை வாருங்கள்.
கொலைகாரர்கள் கொஞ்சம் வெளுத்துத்தான் வருவார்கள்.